கடைமடையில் பிசகிய பருவம்: காவிரிப் படுகை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரிப் படுகையில் ஜூன் 12 என்ற தேதியைத் தெரியாத விவசாயி கிடையாது. மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்பட வேண்டிய நாள் அது. 1934-இல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அந்தத் தேதியில் தண்ணீர் திறந்தால் குறுவைக்கு, அதாவது குறுகிய கால முதல் போக நெல்லுக்கு, நாற்று விடலாம். குறுவையை அறுத்த கையோடு இரண்டாம் போகமான தாளடி நடலாம். குறுவை போடாதவர்கள் ஆடி, ஆவணியில் சம்பாவைத் தொடங்கித் தையில் அறுக்கலாம். அறுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடலாம். ஒரு குடும்பத்தின் ஒரு வருடக் கணக்கு இப்படி ஒரே தேதியிலிருந்து கிளம்புகிறது.

அந்தத் தேதி எத்தனை முறை காப்பாற்றப்பட்டது? 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட இல்லை. 2016-இல் செப்டம்பர் 20, 2017-இல் அக்டோபர் 2, 2018-இல் ஜூலை 19, 2019-இல் ஆகஸ்ட் 13. 2020-இல்தான் மறுபடியும் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். விடுதலைக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் முறை. 2024-இல் திரும்பவும் ஜூலை 28-க்குப் போய்விட்டது. இதில் கர்நாடகத்துடனான பங்கீட்டுத் தகராறுக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் தகராறு முற்றுவதே குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை குறையும் வருடங்களில்தான். மழை கொட்டிய வருடங்களில் உபரி நீர் தானாகவே வந்து மேட்டூரை நிரப்பிவிடுகிறது.

படுகை முழுவதையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது. அதனால் வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும், கடலைத் தொடும் கடைமடையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம், கோடிக்கரை, முத்துப்பேட்டை. மேலே மழை தவறினாலும் இங்கே அடி விழும், கிழக்கே கடல் பொங்கினாலும் இங்கே அடி விழும். காலநிலை மாற்றம் என்றால் மழை குறையும் அல்லது கூடும் என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். இங்கே நடப்பதை வருட மழையளவு காட்டாது. தண்ணீர் வருகிறது, நாள் தவறி வருகிறது. அந்த நாள் தவறுதல்தான் பயிரையும், அந்தப் பயிரை நம்பி வாழும் பறவை, மீன், தவளையையும் சேர்த்து அடிக்கிறது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

ஒரு மாதம் தள்ளிப்போனால்

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து வெண்ணாற்றில் பிரிந்து, அதன் கிளைகளில் பிரிந்து, முறை வைத்து வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடைக்கு வருவதற்குள் இன்னும் பல நாள் போய்விடும், சில வருடம் வாரக்கணக்கில்கூட. அணை ஆகஸ்டில் திறந்தால் மேல்மடைக்காரர் ஆழ்துளைக் கிணறு வைத்துச் சமாளிப்பார். கடைமடையில் கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர். குறுவை அங்கே அநேகமாக இல்லாமலே போய்விட்டது. ஒரே போகம், சம்பா.

அந்த ஒரு போகமும் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆவணியில் வேர் பிடித்து ஐப்பசி அடைமழைக்குள் முழங்கால் உயரம் வந்துவிட்ட பயிர் நான்கு நாள் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். புரட்டாசிக் கடைசியில் நட்ட இளம்பயிரோ நுனி வரை மூழ்கி அழுகிவிடும். பிழைத்த பயிரும் தைப் பொங்கலுக்கு அறுவடைக்கு வராது, மாசிக்குப் போகும். மாசியில் உளுந்து தெளித்தால் அதற்கு வேண்டிய ஈரமும் பனியும் இருக்காது. நெல் தரிசு உளுந்துக்கு உழவு கிடையாது, உரம் கிடையாது, தனித் தண்ணீரும் கிடையாது; மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரமே அதற்குச் சோறு. நெல் விற்ற காசு கடனுக்குப் போய்விட, வீட்டுச் செலவுக்குக் கையில் நிற்பது இந்த உளுந்துக் காசுதான். அணை திறப்பு தள்ளிப்போவதில் முதலில் கழன்று விழுவதும் அதுவே. நெல் இழப்புக்காவது நிவாரணக் கணக்கு எடுக்கிறார்கள். தெளிக்காமலே விட்ட உளுந்துக்கு யார் கணக்கு எடுப்பது?

தண்ணீரை நம்ப முடியாமல் நாகப்பட்டினம் மாவட்டக் கடைமடையில் பலர் நாற்றங்காலை விட்டு நேரடி விதைப்புக்கு மாறிவிட்டார்கள். கோடை மழையில் உழுது, புழுதியில் நெல்லைத் தெளித்து, மழைக்கோ ஆற்றுத் தண்ணீருக்கோ காத்திருப்பது. நடவுக் கூலி மிச்சம், நாளும் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு மழை முளைக்க வைத்துவிட்டு அடுத்த மழை வராமல் போனால் முளைத்தது கருகும். மறுபடி விதைக்க வேண்டும். களையும் பெருகும். எனக்குத் தெரிந்தவரை, அரசு சொல்வதற்கு முன்பே கடைமடை விவசாயி தானாகக் கண்டுபிடித்துச் செய்த காலநிலைத் தகவமைப்பு இதுதான்.

காய்ந்தும் நனைந்தும்

2016-ஐ இந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை. செப்டம்பர் 20-இல் அணை திறந்து, ஆற்றுத் தண்ணீர் போதாமல், வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்தார்கள். அந்தப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டியது. 168 மில்லிமீட்டர்தான் பெய்தது. 62 விழுக்காடு குறைவு. 1876-க்குப் பிறகு அவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் வந்ததில்லை. கருகிய வயலைப் பார்த்து மாரடைத்து இறந்தவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் என்று அந்த மார்கழி முழுக்கச் செய்தி வந்துகொண்டே இருந்தது. 2017 ஜனவரி 10-ஆம் தேதி மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன.

நாலைந்து வருடத்தில் காட்சி தலைகீழாகியது. 2021 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், சாய்ந்த கதிர் வயலிலேயே முளைக்கும் அளவுக்கு மழை. 2022 நவம்பர் 12-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் மட்டும் 44 சென்டிமீட்டர். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர் கடலுக்கு அடியில் இருப்பது போலக் கிடந்தது. அடுத்த மூன்றே மாதத்தில், 2023 பிப்ரவரி தொடக்கத்தில், தப்பிப் பிழைத்து அறுவடைக்கு நின்ற சம்பாவின்மேல் பருவம் தவறிய மழை. ஒரே பயிரை இரண்டு முறை அடித்தால் விவசாயி எங்கே போவார்?

பிப்ரவரி மழையில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மழையில் நனைந்த நெல் அந்த அளவுக்குள் வருவதற்கு நல்ல வெயிலும் களமும் வேண்டும். களம் கிடைக்காதவர்கள் தார்ச்சாலையில் கொட்டிக் காய வைக்கிறார்கள். 2023-இல் மத்தியக் குழு வந்து பார்த்து, அறிக்கை கொடுத்து, பிறகுதான் 20 விழுக்காடு வரை தளர்த்தினார்கள். குழு வந்து போகும் நாட்களில் நெல் குவியலுக்குள் சூடேறி நிறம் மாறிவிடும். மார்கழி, தை மழை இனி விதிவிலக்கு இல்லை என்றான பிறகும் ஒவ்வொரு தடவையும் கோரிக்கை வைத்து, குழு வந்து, காத்திருந்து வாங்க வேண்டியதாக இந்தத் தளர்வு இருக்கக் கூடாது. மழை அளவு இவ்வளவு தாண்டினால் ஈரப்பத வரம்பு இவ்வளவு என்று முன்கூட்டியே விதியாக எழுதிவிடலாம். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டியதில்லை.

வெள்ளத்தைத் தாங்கும் ரகம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து எடுத்த ‘சப்-1’ மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய சி.ஆர். 1009 சப்-1 ரகம் படுகையில் பயிராகிறது. முழுக்க மூழ்கினாலும் ஏறக்குறைய இரண்டு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். நல்ல கண்டுபிடிப்பு, நவம்பர் வெள்ளத்துக்கு உதவுகிறது. ஆனால் அந்தக் குணம் தூர் கட்டும், அதாவது பக்கக் கிளை விடும், பருவத்துப் பயிருக்கு உரியது. பூத்து, பால் பிடித்து, முற்றி நிற்கும் கதிரை ஜனவரி மழையிலிருந்து அதனால் காப்பாற்ற முடியாது.

இரவின் வெக்கை

வெள்ளமும் வறட்சியும் கண்ணுக்குத் தெரிகின்றன, படம் எடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1979 முதல் 2003 வரை தன் பண்ணையில் எடுத்த கணக்கை 2004-இல் வெளியிட்டது. பயிர்ப் பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் மகசூல் 10 விழுக்காடு குறைகிறது என்பது அதன் சாரம். பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் பயிரே மூச்சாகச் செலவழித்துவிடுகிறது. பூக்கும் காலையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செத்துக் கதிர் பதராகும். குறுவை பூப்பது ஆவணி வாக்கில் என்பதால் இந்த அபாயம் அதற்குத்தான் அதிகம். “தூர் நல்லா கட்டுச்சு, கதிரும் வந்துச்சு, தூத்துறப்பதான் பதர்னு தெரிஞ்சுது” என்று களத்தில் பேசிக்கொள்வதைக் கேட்டால், உரத்தையும் விதையையும் மட்டும் குறை சொல்லத் தோன்றாது. புழுக்கமான நாட்களில் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியும் பெருகுகிறது. அதற்கு அடிக்கும் மருந்து, புகையானைத் தின்னும் சிலந்தியையும் ஊசித்தட்டானையும் முதலில் கொல்கிறது.

கடல் ஏறி வரும் வழி

உலகக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்குப் பிறகு வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகம். இருபது சென்டிமீட்டர் ஒரு சாண் கூட முழுதாக இல்லையே என்று தோன்றும். கடைமடையின் சரிவைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது. மேசைப் பலகை போன்ற தரை. ஆறு கடலுக்கு இறங்குகிறது என்பதைவிடத் தயங்கித் தயங்கி நகர்கிறது என்பதே சரி. அங்கே கடல் ஒரு சாண் ஏறினால் வெள்ளம் வடிய வேண்டிய வாசல் ஒரு சாண் அடைபட்டதாக அர்த்தம். ஓதம் ஏறும் நேரத்தில் வாடைக்காற்றும் சேர்ந்துகொண்டால் மழைத் தண்ணீர் வடியாது. கடல் நீரே ஆற்றில் எதிர்த்து ஏறும்.

மேலே கட்டிய அணைகள் வண்டலைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. படுகை என்பதே வண்டலால் ஆனது. ஏறும் கடலுக்கு ஈடாகத் தரையை உயர்த்திக்கொள்ள வேண்டிய மண் வந்து சேருவதில்லை. கீழே நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்துக்கு உப்பு நகர்ந்து வருகிறது. வேதாரண்யம் மணல்மேட்டுப் பகுதியில் இது இன்னும் நுட்பமான விஷயம். அங்கே மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உப்பு நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. முல்லைத் தோட்டமும் மாந்தோப்பும் குட்டை வெட்டிக் குடத்தால் இறைத்து வளர்ந்ததெல்லாம் அந்தப் படலத்தை வைத்துத்தான். வேகமாக மோட்டார் போட்டு இழுத்தால் அடியில் இருப்பது மேலே வந்துவிடும்.

ஆசிய வளர்ச்சி வங்கியின் 10 கோடி டாலர் கடனுதவி 2016-இல் ஒப்புக்கொள்ளப்பட்டு, வெண்ணாறு உபவடிநிலத்தில் காலநிலைத் தகவமைப்புத் திட்டம் நடந்தது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, மதகுகளைப் புதுப்பிக்கும் வேலை. தேவையான வேலை. ஆனால் பெரிய ஆற்றின் கரையை உயர்த்திவிட்டு, வயலிலிருந்து ஆற்றுக்குப் போகும் சின்ன வடிகாலை வெங்காயத்தாமரைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்குக்கும் விட்டுவிட்டால் வெள்ளம் வயலுக்குள்ளேயே நிற்கும். கரை உயர்ந்த பிறகு அது வழிந்து போகவும் வழி இல்லை. படுகையில் பாசன வாய்க்காலுக்கு ஆள் கேட்கிறார்கள், போராடுகிறார்கள். வடிகாலுக்குக் கேட்க ஆள் குறைவு. என்னைக் கேட்டால், இனி வரும் வருடங்களில் பாசனத்தைவிட வடிகால்தான் கடைமடையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும்.

வயலோடு வாழ்பவை

வயல் என்றால் நெல் மட்டும்தானா? ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் வாய்க்கால் வழியே கெண்டையும் குறவையும் விராலும் வயலுக்கு ஏறும். தவளை முட்டையிடும். நண்டு வளை தோண்டும், நத்தை பெருகும். நத்தைகுத்தி நாரை வரப்பில் நின்று, இடுக்கி போன்ற அலகால் நத்தையை உடைக்காமல் சதையை மட்டும் இழுத்துத் தின்னும். கூலி வேலைக்கு வந்தவர்கள் மாலையில் வயல் நண்டையும் அயிரையையும் பிடித்துக் குழம்பு வைப்பார்கள். இது அந்த வீட்டுக்கு விலையில்லாத கறி. தண்ணீர் இரண்டு மாதம் தள்ளி வந்து, வந்த பிறகும் பூச்சிமருந்து கலந்து நிற்கும்போது இவை எல்லாமே தேய்கின்றன.

திருவாரூர் மாவட்டத்தின் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுமே அடிப்படையில் பாசன ஏரிகள். கோடையில் வற்றி, மேட்டூர்த் தண்ணீரிலும் ஐப்பசி மழையிலும் நிரம்புபவை. பறவை கூடு கட்டுவதற்கு ஏரியில் தண்ணீர் நின்றால் போதாது. குஞ்சுக்கு இரை கொடுக்கச் சுற்றியுள்ள வயலில் நத்தையும் மீனும் அதே நாட்களில் இருக்க வேண்டும். ஏரியும் வயலும் ஒரே கணக்கில் ஓடின காலம் வரைக்கும் இதை யாரும் தனியாகத் திட்டமிட வேண்டியிருக்கவில்லை. இப்போது அணை திறப்பை முடிவு செய்யும்போது பயிருக்கு எத்தனை டி.எம்.சி. என்று மட்டும் பார்க்கிறோம். ஏரிகளுக்கும் கழிமுகத்துக்கும் எவ்வளவு, எந்த மாதத்தில் என்ற கேள்வியும் அந்தக் கூட்டத்தில் எழ வேண்டும்.

கழிமுகத்தின் நிலையை முத்துப்பேட்டையில் பார்க்கலாம். கோரையாறும் பாமணியாறும் வந்து சேரும் காயலில் இன்று நிற்பது பெரும்பாலும் ஒரே இனம், உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டல். அலையாத்திக் காட்டில் பல இனம் செழிக்க நன்னீர் வரத்து வேண்டும். அது குறையக் குறைய, உப்பு தாங்குவது மட்டும் மிஞ்சுகிறது. இறாலும் மீனும் குஞ்சு பொரித்து வளரும் நாற்றங்கால் அது. மேலே திறக்காத தண்ணீரின் நட்டம் மீனவர் வலையிலும் தெரிகிறது.

கஜா

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கஜா கரையேறியது. இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. 1952-இலும் 1977-இலும் பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு தனிப் புயலைக் காலநிலை மாற்றம்தான் கொண்டுவந்தது என்று சொல்வது சரியில்லை. ஆனால் 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது என்று மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. சூடான கடல்தான் புயலுக்குத் தீனி. அந்தத் தீனி கூடிக்கொண்டே போகிறது.

வேதாரண்யத்தில் மா, முந்திரி, சவுக்கு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை. லட்சக்கணக்கான மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. நெல் போனால் அடுத்த வருடம் நெல். நெட்டை ரகத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம். காவிரித் தண்ணீர் நம்பிக்கை இல்லாமல் போனதால் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியவர்களும் அந்தத் தோப்புக்காரர்களில் உண்டு. ஒரு அபாயத்திலிருந்து தப்பிக்கப் போட்ட முதல் இன்னொரு அபாயத்தில் போனது. தகவமைப்பு என்று பேசும்போது இந்த நிகழ்வை எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கோடிக்கரை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம், 2002 முதல் ராம்சர் தளம். வெளிமான் மேயும் புல்வெளி, பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக்காடு, பூநாரை இறங்கும் சேற்றுப் பரப்பு, அதையொட்டி உப்பளம். அந்த இரவில் நூறாண்டு கண்டிருக்கக்கூடிய பாலை மரங்கள் வேரோடு விழுந்தன. கடல் நீர் புல்வெளிக்குள் புகுந்தது. மான்களும் காட்டுக் குதிரைகளும் அடித்துச் செல்லப்பட்டு, அவற்றின் உடல்கள் காரைக்கால் கரை வரை ஒதுங்கின. பாலைப் பழத்தை நம்பியிருந்த பறவைகளுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சேதம். பாலை மரம் மெல்ல வளர்வது. திறந்து கிடக்கும் வெட்டவெளியில் அதற்கு முன் சீமைக் கருவேலம் முந்திக்கொள்ளும். அதை வருடா வருடம் பிடுங்க ஆளும் பணமும் ஒதுக்கினால்தான் அடுத்த தலைமுறை அங்கே பாலைக்காட்டைப் பார்க்கும்.

கையில் இருக்கும் விதை

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்ட வயல்களில் உப்பு ஏறியது. ஜிப்சம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள், மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவினார்கள். அப்போது கவனத்துக்கு வந்தவை பழைய நெல்கள். உவருக்குக் குழியடிச்சான். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து தேங்கிய தண்ணீரிலும் நிற்கும் காட்டுயானம். பள்ளக்காலுக்குச் சம்பா மோசனம். இவை விளைச்சலில் புது ரகங்களுக்கு ஈடாகாது, காற்றடித்தால் காட்டுயானம் சாயும். வைக்கோல் நிறையக் கிடைக்கும், மாட்டுக்கு நல்லது. படுகை முழுக்க இவற்றுக்கு மாறிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா வயலிலும் ஒரே ரகம், ஒரே வயதில் நிற்கும்போது ஒரே மழை எல்லாவற்றையும் கொண்டுபோகிறது. பள்ளக்காலில் ஒன்று, மேட்டில் ஒன்று, உவரில் ஒன்று என்று பிரித்துப் போடுபவருக்கு ஏதாவது ஒன்று மிஞ்சும். வடகிழக்குப் பருவத்துக்குப் பழகிய நம் பாட்டன்மார் செய்தது அதுதான்.

இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வாரின் தூண்டுதலில் இந்த வேலையில் இறங்கிய நெல் ஜெயராமன், 2006 முதல் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். 174 பாரம்பரிய ரகங்களை மீட்டார். கஜா அடித்து மூன்று வாரத்தில், 2018 டிசம்பர் 6-ஆம் தேதி காலமானார். அவர் பெயரில் மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்தைத் தமிழக அரசு நடத்துகிறது. நெல் திருவிழாவில் அவர் வைத்த ஏற்பாடு எளிமையானது: வருபவருக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசம், விளைந்த பிறகு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு வயலிலும் வருடா வருடம் விதைக்கப்படுவதால் அந்த நெல் அந்த வருடத்து உப்பையும் வெள்ளத்தையும் வெக்கையையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருகிறது. அடுத்தவர் அதிலிருந்து தனக்கு இரண்டு கிலோ அள்ளிக்கொள்கிறார்.